கடைசி வீடு அடங்காத தெரு

சாத்தூரில் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி ரயில்வே சுவரில் முட்டி நிற்கும் தெருவில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செண்பகவல்லியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் காணாமல் போனது; அதே காலையில் அந்தத் தெருவின் கடைசி வீடும் தெருவுக்குள் அடங்காமல் போனது. எது முந்தி, எது பிந்தி என்று தெருக்காரர்கள் பிற்பாடு ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடியிருக்கிறார்களே தவிர, இரண்டும் ஒரே காரியம்தான் என்பதில் அவர்களில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

செண்பகவல்லி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அச்சகங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவள். காதுகுத்து பேனர், சடங்குப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காராச்சேவு பாக்கெட்டின் மேலட்டை என்று ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே போகும். அவள் புருஷன் பொன்னுச்சாமி பஸ் கண்டக்டர். ஒரு நாள் வண்டியிலும் மறுநாள் வீட்டிலுமாக இருப்பவர். திங்கட்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது, அவளும் சரி என்றாள், பாதியில் கரண்ட் போனது. காலையில் திறந்தபோது திரையில் எல்லாம் பெரிசாக இருந்தது. சின்னச் சின்னப் படங்கள் அப்பளம் அப்பளமாக ஊதிக் கிடந்தன, வழக்கமாக வலது ஓரத்தில் இருக்கும் கோப்புகள் திரைக்கு வெளியே போயிருந்தன. வெற்றிடத்தில் வலது க்ளிக் செய்தால் வருகிற பட்டியலில் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் என்று ஒரு வரி எப்போதும் கடைசியில் இருக்கும். அந்த வரி இல்லை. கண்ட்ரோல் பேனலில் தேடினாள், அங்கேயும் இல்லை. அளவை மாற்றும் இடம் மட்டும் இருந்தது, ஆனால் எண்ணூறுக்கு அறுநூறு என்று சாம்பல் நிறத்தில் உறைந்துபோய், எத்தனை தடவை தட்டினாலும் அசையாமல் இருந்தது. அணைத்துப் போட்டாள். பிளக்கைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினாள். அப்படியேதான் இருந்தது.

பால் எடுக்க வாசலுக்கு வந்தபோது பால் பாக்கெட் தலையணை அளவுக்கு இருந்தது. எதிர்வீட்டு வேப்பமரம் தன் இலைகளில் பாதியைத்தான் காட்டியது, ஆனால் காட்டிய ஒவ்வொரு இலையும் முறம்போல் இருந்தது. கோலத்தை மோந்துகொண்டிருந்த பசுமாட்டின் முகம் தெருவின் அகலத்தை அடைத்தது. காலையிலிருந்து திரையையே பார்த்ததால் கண் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தூக்கும்போது பாக்கெட் எப்போதும்போல அரை லிட்டர் கனம்தான் கனத்தது.

கடைசி வீடு காணாமல் போனதைத் தெருவில் எல்லோருக்கும் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் செண்பகவல்லிதான். ஏனென்றால் அவள் வாசலுக்கு வந்தால் இடது பக்கம் பார்ப்பாள், நேரே பார்ப்பாள், வலது பக்கம் பார்க்கமாட்டாள். வலது பக்கத்துக் கோடியில், ரயில்வே சுவரை ஒட்டி, அவளுடைய கூடப்பிறந்த அக்கா காந்திமதி இருந்தாள். காந்திமதியின் மகன் முத்துவேலுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ஒரே தெருவில் சொந்தத் தங்கச்சி ஊருக்கெல்லாம் பத்திரிகை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க, காந்திமதி சிவகாசிக்குப் போய்ப் பத்திரிகை அடித்து வந்தாள். அதிலும் தாய்மாமன், சித்தப்பன், தூரத்து ஒன்றுவிட்ட பெரியப்பன் என்று அத்தனை பேரையும் போட்டவள் பொன்னுச்சாமியின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்று காந்திமதி சொல்லியனுப்பினாள். பத்திரிகையில் ஒரு பெயர் எப்படி விட்டுப்போகும், எப்படி விடப்படும் என்பதெல்லாம் செண்பகவல்லிக்குத் தெரியாததா? அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தி தண்ணீர் பிடிக்க வரும் நேரத்தில் மற்றவள் வரமாட்டாள், ஒருத்தி போகும் கோயிலுக்கு மற்றவள் வேறு கிழமையில் போவாள், இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பொன்னுச்சாமி, ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் மல்லிகை மொட்டுப்போல் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போதுதான், மதினி வீடு தெருவில் தெரியவில்லையாம், சர்வேயர் அளந்துகொண்டிருக்கிறார் என்றார்.

சர்வேயர் என்று அவர் சொன்னது எத்திராஜலுவை. அரசாங்க நில அளவையில் இருந்து ஓய்வுபெற்றவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர், இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர். அவர் பரணிலிருந்து தன் பழைய அளவுச் சங்கிலியை இறக்கி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து அளந்துகொண்டே போய், பூட்டிக்கிடக்கும் பம்பாய்க்காரர் வீட்டின் பாதி வாசலில் நின்றுவிட்டார். அதற்குமேல் தெரு இல்லை. அங்கே இருட்டும் இல்லை, புகையும் இல்லை, பள்ளமும் இல்லை. புகைப்படம் சட்டத்துக்குள் முடிந்துபோவதுபோலத் தெரு முடிந்துபோயிருந்தது. சங்கிலியை வீசினால் அந்த விளிம்பைத் தாண்டிய கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின, இழுத்தால் திரும்பி வந்தன. தெருவின் நீளம் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறது, ஒரு அடிகூடக் குறையவில்லை, ஆனால் பொருள்கள் பெரிதாகிவிட்டதால் பார்வைக்குள் அவ்வளவும் கொள்ளவில்லை, கொள்ளாதது வெளியே நிற்கிறது என்று அவர் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். பெட்டிக்குள் சேலை கொள்ளாமல் போவதைப் பார்த்தவர்கள்தானே எல்லோரும், அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தைரியசாலிகள் சிலர் விளிம்பைத் தாண்டிப் போய்ப் பார்க்கப் போனார்கள். கண்ணுக்கு ஒன்றும் காட்டப்படாத இடத்தில் கால் வைக்க எந்தக் காலும் சம்மதிக்கவில்லை. வலுக்கட்டாயமாக வைத்தவர்களின் கால் தானாகத் திரும்பி அவர்களைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. தண்டவாளப் பக்கமாகச் சுற்றிப்போய் ரயில்வே சுவரில் ஏறி உள்ளே குதித்தவன் தண்ணீர்த் தொட்டியடியில் வந்து விழுந்தான். ஒரு சாம்பல் நிறப் பூனை மட்டும் நினைத்தபோது போனது, நினைத்தபோது வந்தது. பூனையிடம் யார் விவரம் கேட்பது?

ஆனால் சத்தம் வந்தது. காந்திமதி பக்கெட்டை நகர்த்துவது, கதவுத் தாழ்ப்பாளைப் போடுவது, அவளுடைய ரேடியோ, அவளுடைய வறட்டு இருமல் எல்லாம் முன்பு வந்ததுபோலவே தெளிவாக வந்தன. மறுநாள் கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஆரோக்கியதாஸ் இதற்குக் காரணம் சொன்னான். பஜாரில் கடை வைத்திருக்கும் அவனை ஊரில் சிஸ்டம் தாஸ் என்பார்கள். திரையில் கறுப்பு வெள்ளையாக ஒரு பட்டியலைத் திறந்து, ஒரு பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் இருப்பதைக் காட்டினான். படம் காட்டுகிற டிரைவர் என்ற மென்பொருள் போய்விட்டது, ஒப்புக்கு ஒரு சாதா டிரைவர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் செட்டிங்ஸ் இல்லை, அதனால்தான் எல்லாம் பெரிசாகவும் கொஞ்சமாகவும் தெரிகிறது என்றான். சத்தத்துக்கு வேறு டிரைவர், அது பழுதில்லாமல் இருக்கிறது என்றும் சொன்னான். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னான், ஆனால் வாசலில் நின்று கேட்டவர்கள் தெருவைப் பற்றியும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். தப்பும் இல்லை.

இந்த மாடலுக்கு உரிய டிரைவரைத் தேடிப் போடவேண்டும், பழைய மாடல் என்பதால் தயாரித்த கம்பெனியே கைவிட்டுவிட்டது, பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நம்பரைச் சொன்னால் தேடிப்பார்க்கிறேன் என்றான் தாஸ். ஸ்டிக்கரில் இருந்த நம்பர் தேய்ந்து, பூச்சி மொய்த்ததுபோல் இருந்தது. அவனால் படிக்க முடியவில்லை. நிதானமாகப் பார்க்கலாம் என்று செண்பகவல்லி அவனை அனுப்பிவிட்டாள்.

நிதானமாகப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வாசலுக்கு வந்து வலது பக்கம் திரும்பிப் பார்க்க அவளால் இப்போது முடிந்தது. அங்கே யாரும் இல்லை. கழுத்து சுளுக்கு விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. எத்தனையோ காலமாக ஒரு பக்கமே திரும்பித் திரும்பி இறுகிப்போன கழுத்து. சும்மாவே வெளியே வந்து, வலது பக்கம் பார்த்து, உள்ளே போனாள். கோலத்தை வலது பக்கம் இழுத்து விரித்துப் போட்டாள்.

தெருவும் பழகிக்கொண்டது. எத்திராஜலு கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படித்தார். ஒரு பக்கத்தில் நாலே வார்த்தைதான் கொண்டது என்றாலும் அந்த நாலு வார்த்தையும் பளிச்சென்று இருந்தன. பக்கம் திருப்பித் திருப்பி ஒரு செய்தியை முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆனது, அது அவருக்குப் பிடித்திருந்தது. ஊசியில் நூல் கோக்க அடுத்த தெருப் பெண்கள் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார்கள், வந்த கையோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பேன் பார்ப்பதற்கென்றே தாயும் மகளுமாகத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மிட்டாய் பெரிசாக இருந்ததால் பிள்ளைகள் பாதியில் போதும் என்றார்கள். ஒரு நேரத்தில் கண்ணுக்கு ஒரு முகம்தான் கொண்டது என்பதால், பேசிக்கொண்டிருப்பவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாமல் போனது; அதனால் சில வீடுகளில் சண்டை குறைந்தது, சில வீடுகளில் கூடியது. நகராட்சியிலிருந்து வந்தவர் தெருவைப் பார்த்துவிட்டு, கடைசி விளக்குக் கம்பம் பார்வையில் இல்லாததால் அதற்கு பல்பு மாற்றவேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்து திருப்தியோடு போனார்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காளியம்மன். தெரு முக்கில், ஒரு ஆள் குனிந்து நுழையும் சின்னக் கோயிலில், முழங்கை உயரச் சிலையாக இருந்த அம்மன் இப்போது வாசல்நிலை நிறைந்து நின்றாள். அவளுடைய இடது கன்னத்தில் சிற்பி விட்ட ஒரு மருவை எல்லோரும் முதல்முறையாகப் பார்த்தார்கள். ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் இருக்கன்குடியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆடிப் பொங்கலுக்கு இன்னும் கூட்டம் வரும் என்று தெரிந்ததால், சங்கம் கூடி, ஆடி முடிகிறவரை செண்பகவல்லி வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கவேண்டாம் என்று தீர்மானம் போட்டது. கையெழுத்துகள் பெரிசாக இருந்ததால் தீர்மானப் பக்கத்தில் எத்திராஜலுவின் கையெழுத்து மட்டும்தான் கொண்டது.

காந்திமதியை யாரும் பட்டினி போட்டுவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும். ஒட்டடைக் கம்பின் நுனியில் கூடையைக் கட்டி, பால், காய், அரிசி, மாத்திரை என்று வைத்து விளிம்புக்கு அந்தப் பக்கம் நீட்டுவார்கள். கம்பின் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும். கூடை லேசாகும். இழுத்தால் காலியாக வரும். ஒரு தடவை கூடை காலியாக வராமல், முருங்கைக்காயோடு திரும்பி வந்தது. முத்தல் காயைக் கொடுத்து யாரை ஏமாற்றுகிறீர்கள் என்ற குரலும் கூடவே வந்தது. ஆள் நன்றாக இருக்கிறாள் என்று தெருவுக்கு நிம்மதியாயிற்று. ஓசூரில் வேலை பார்க்கும் முத்துவேல் தினமும் போன் பேசுவான், எனக்கென்ன குறைச்சல், ராசாத்திபோல இருக்கிறேன் என்று அவள் சொல்வதும் தெருவுக்குக் கேட்கும். முத்துவேல் ஒரு தடவை வந்து, விளிம்பில் நின்று அம்மாவோடு பேசிவிட்டு, லீவு முடிந்ததால் போனான். நின்று அழாதே, போய்ப் பிழைப்பைப் பார் என்று அவள்தான் விரட்டினாள்.

செண்பகவல்லி மட்டும் ஒரு நாளும் கம்பைப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் இருந்தபடியே எல்லாச் சத்தமும் அவளுக்குக் கேட்டது. முன்பெல்லாம் அக்கா கண்ணில் படுவாள் என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தவள் இப்போது திறந்து வைத்தாள். இருமல் சத்தம் வந்தால் மவுசை விட்டுவிட்டுக் கேட்பாள். இருமல் நின்றபிறகு வேலையைத் தொடர்வாள். பெரிய பெரிய எழுத்தாக ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் திரையில் தெரிந்ததால், அவள் போட்ட பத்திரிகைகளில் அந்த மாதம் ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை.

ஆடி பிறந்த பிறகு, ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில், ரேடியோவில் பாட்டு முடிந்து ஸ்டேஷன் நழுவி, வெறும் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. செண்பகவல்லி மவுசை விட்டாள். காந்திமதிக்கு ரேடியோ இரைச்சல் ஆகாது. சின்ன வயதில் அப்பாவின் ரேடியோ லேசாகக் கொரகொரத்தாலே காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடி முள்ளைத் திருப்புகிறவள் அவள். இப்போது திருப்பவில்லை. இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. இருமல் வரவில்லை. மத்தியானம் நீட்டிய கூடை போனபடியே நிறைந்து திரும்பி வந்தது.

அன்று பொன்னுச்சாமிக்கு ஓய்வுநாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் செண்பகவல்லியின் போன் அடித்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முத்துவேல் அவளைக் கூப்பிட்டான்.

“சித்தி,” என்றான். “அம்மா போனை எடுக்கமாட்டேங்குறாங்க. உங்களத் தவிர வேற யாரக் கேக்கன்னு தெரியல.”

அவள் போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். தாஸைக் கூட்டிவந்து அந்த டிரைவரை எப்படியாவது போடச் சொல்லுங்கள் என்றாள். சங்கத்துத் தீர்மானம் இருக்கிறதே என்றார் பொன்னுச்சாமி, எதிர்ப்பாக அல்ல, ஞாபகத்துக்காக. அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

விளிம்பில் கூட்டம் நின்றது. காந்திமதி பெயரைச் சொல்லி ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இரைச்சல்தான் பதிலாக வந்தது. செண்பகவல்லி நேரே நடந்தாள், விளிம்பில் கால் நின்றது, திரும்பியது. மறுபடி நடந்தாள். மறுபடி திரும்பியது. அப்போது அந்தச் சாம்பல் பூனை அவள் காலடியில் நுழைந்து, முகத்தைத் தரையோடு வைத்து, மீசையால் தடவிக்கொண்டே, எதையும் நிமிர்ந்து பார்க்காமல் அந்தப் பக்கம் போனது. செண்பகவல்லி முந்தானையை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்கு ஒன்றுதான். ரேடியோ இரைச்சல் எங்கே இருந்து வருகிறதோ அந்தத் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கால் திரும்பவில்லை. அவள் பாதியாகி, பிறகு ஒரு குதிகாலாகி, பிறகு இல்லாமல் போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பக்கம் தரை சூடாக இருந்தது. பம்பாய்க்காரர் வீட்டு இரும்பு கேட்டைத் தடவி, சாக்கடை மூடிக் கல்லைத் தாண்டி, அக்கா வீட்டுப் படியைக் காலால் கண்டுபிடித்தாள். நிலையில் தலை இடித்தது. நடுவீட்டில் யாரோ தரையில் உட்கார்ந்திருக்கும் மூச்சு கேட்டது.

“யாரது?” என்றாள் காந்திமதி.

“நான்தான்.”

ரேடியோ இரைச்சலுக்கு மேலே காந்திமதி குரலை உயர்த்தினாள்.

“கல்யாணத்துக்கு வராதவ இதுக்கு மட்டும் எதுக்கு வந்தே?”

செண்பகவல்லி குரல் வந்த இடத்தில் உட்கார்ந்து தடவினாள். கையில் முதலில் அகப்பட்டது கணுக்கால், அது பூரிபோல வீங்கியிருந்தது. தொட்டதும் காந்திமதி பல்லைக் கடித்தாள். அடுப்படியில் வழுக்கி விழுந்ததையும், காலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து இவ்வளவு தூரம்தான் வர முடிந்ததையும், தெருவில் கூப்பிட்டது காதில் விழுந்தும் பதில் சொல்லப் பிடிக்காமல் இருந்ததையும் சொன்னாள். ரேடியோவை நிறுத்த முடியாததுதான் அவளுக்குக் கால்வலியைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. செண்பகவல்லி தடவிப் போய் அதை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, ஏன் விழுந்தாய், ஈரத்தைப் பார்த்துக் கால் வைக்கக்கூடாதா என்று கேட்டாள்.

“எங்கிட்டுப் பாக்க?” என்றாள் காந்திமதி. “மொத நாள்ல இருந்தே ஒன்னும் தெரியல, செம்பகம்.”

அப்போதுதான் செண்பகவல்லிக்கு விளங்கியது. அந்தப் பக்கம் தெருவுக்கு மட்டும் காட்டப்படாமல் இல்லை, அந்தப் பக்கத்துக்கே காட்டப்படாமல் இருந்தது. கடைசி வீட்டுக்குள் சுவர் இல்லை, விளக்கு இல்லை, தன் கையே இல்லை. எல்லாம் இருந்தது, எதுவும் தெரியவில்லை. ஆனி பாதியிலிருந்து காந்திமதி தடவியே உலை வைத்து, தடவியே தலை சீவி, தடவியே முருங்கைக்காயின் முற்றலைக் கண்டுபிடித்துத் திருப்பியனுப்பியிருக்கிறாள். கண்ணைத் திறந்தால் தலை சுற்றுகிறது என்று நாள் முழுக்க மூடியே வைத்திருந்தாள். மகனிடம் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து விளிம்பில் உட்கார்ந்துவிடுவான். தெருவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உன் காதில் விழுந்திருக்கும் என்றாள் தங்கச்சியிடம்.

செண்பகவல்லி அழவில்லை. அக்காவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானையில் பாதி கண்ணில் கட்டியிருந்ததால், மீதிப் பாதியைக் கிழித்துக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது, பொன்னுச்சாமி பெயரை ஏன் விட்டாய் என்று கேட்டாள். கேட்பதற்கு இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, ஆனால் வாய் கேட்டுவிட்டது.

காந்திமதி யோசிக்காமல் சொன்னாள். அவள் புருஷன் செத்துப்போய்விட்டதால் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் போட முடியவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெயர் இருக்கப்போவதை நீயே உன் கையால் அடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவதைப் பார்க்க முடியாதுபோல் இருந்தது, அதனால்தான் சிவகாசிக்குப் போனேன் என்றாள். அங்கே போய் எழுதிக் கொடுக்கும்போதும் கை வரவில்லை. ஒரு மணிநேரத்துப் பொறாமை, அடித்து வந்த பிறகு அழிக்கவா முடியும் என்றாள்.

செண்பகவல்லி முடிச்சை இறுக்கினாள். வலிக்கிறதா என்றாள். வலிக்கிறது என்றாள் காந்திமதி.

இந்தப் பக்கம், செண்பகவல்லி வீட்டு முன்னறையில், தாஸ் கம்ப்யூட்டர்ப் பெட்டியைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, நம்பர் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று உட்கார்ந்திருந்தான். அவனும் பொன்னுச்சாமியும் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள், இரண்டுக்கும் டிரைவர் ஒத்துவரவில்லை. வாசலில் எத்திராஜலு நின்றுகொண்டிருந்தார். தீர்மானத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார். ஆடிப் பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைசி வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்ததை அவரும் கேட்டிருந்தார், முதல் நாளிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று காந்திமதி சொன்னதும் அந்தப் பேச்சில்தான் இருந்தது. விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எத்திராஜலு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முழங்காலில் உட்கார்ந்து, பெட்டியின் முதுகில் முகத்தை வைத்தார். நாற்பது வருஷம் சர்வே கல்லில் அழிந்த எல்லை எண்களைப் படித்தவர். தேய்ந்த எழுத்துகள் அவருக்குப் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னார். தாஸ் போனில் தட்டிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் எட்டா மூன்றா என்று அவரே சந்தேகப்பட்டு, பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்து, எட்டு என்றார்.

“கெடச்சிருச்சுய்யா,” என்றான் தாஸ். “போட்டா எல்லாம் பழையபடி சின்னதாயிரும். போடவா?”

எத்திராஜலு எழுந்திருக்கப் பொன்னுச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய தேதியை ஒரு தடவை படித்தார். கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

“போடு தம்பி,” என்றார்.

திரை ஒரு கணம் கறுத்தது. தெருவும் ஒரு கணம், இமை மூடித் திறக்கிற நேரத்துக்கு, இல்லாமல் இருந்தது. பிறகு எல்லாம் சின்னதாக, ஏராளமாக, அதனதன் இடத்தில் வந்து நின்றது. வேப்பமரம் தன் முழு இலைகளோடும் வந்தது. காளியம்மன் முழங்கை உயரத்துக்குத் திரும்பினாள். கோயில் வாசலில் நின்ற வெளியூர்க்காரர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். எத்திராஜலு சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார், பல நாளாக எடுத்துவராததால் அது இல்லை. வலது க்ளிக் செய்த இடத்தில் பட்டியலின் கடைசி வரியாகக் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் வந்து உட்கார்ந்திருந்தது. தாஸ் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

தெரு ரயில்வே சுவர்வரை இருந்தது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைசி வீட்டைப் பார்த்தார்கள். இதற்குள் காந்திமதியைத் தாங்கலாக நகர்த்திக் காற்றுக்காக வாசற்படிக்குக் கொண்டுவந்திருந்தாள் செண்பகவல்லி. அக்காள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தாள், தங்கச்சி முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, காலையில் ஆக்கி ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். காந்திமதியின் தலை நரைத்துப்போயிருந்தது. சேலையைப் புரட்டிக் கட்டியிருந்தாள். அந்தச் சாம்பல் பூனை தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டிருந்ததும் இருவருக்கும் தெரியவில்லை.

அங்கே தங்களை யாரும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் அவர்கள் தெருவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முத்தல் முருங்கைக்காய் கொடுத்தவளை, பாலில் தண்ணீர் சேர்ப்பவனை, தெருவையே தன் சங்கிலியால் அளந்ததுபோல் நடக்கும் சர்வேயரை, வீட்டு வரிசைப்படி ஒருவர் விடாமல் திட்டினார்கள். பெயருக்குரியவர்கள் தங்கள் பெயர் வரும்வரை நின்று கேட்டார்கள், வந்த பிறகும் நின்றார்கள். பொன்னுச்சாமி வாயைத் திறந்து கூப்பிடப் போனார். எத்திராஜலு அவர் கையைத் தொட்டார். அவர் கூப்பிடவில்லை.

திட்டி முடித்துக் கொஞ்சம் ஓய்ந்த பிறகு, முகத்தில் ஏதோ வெளிச்சம் படுகிறாற்போல் காந்திமதி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“செம்பகம்,” என்றாள், “கண்ணத் தெறந்து பாக்கவா?”

“தெறந்து என்னத்தப் பாக்கப்போறே,” என்றாள் செண்பகவல்லி, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே. “மொதல்ல வாயத் தெற.”

காந்திமதி வாயைத் திறந்தாள். செண்பகவல்லியின் கை அவள் கன்னத்தில் ஒரு தடவை பட்டு, மோவாயில் ஒரு தடவை பட்டு, பிறகு சரியாக வாய்க்குப் போனது.